அப்லோட் வரம்பை எங்கே கூட்டுவது: எச்டிஆக்சஸிலா, யூசர் ஐஎன்ஐயிலா?

வேர்ட்பிரஸ் தளத்தில் 12 எம்பி பிடிஎஃப் ஒன்றை ஏற்றப் போனால், கோப்பு பெரிது என்று திருப்பி அனுப்பிவிடுகிறது. வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட மொழியான பிஎச்பி தன் போக்கில் தரும் வரம்பு வெறும் 2 எம்பிதான். ஹோஸ்டிங்காரர்கள் கொஞ்சம் கூட்டி வைத்திருப்பார்கள். இருந்தாலும் எங்காவது இடிக்கும். தேடினால் முதலில் கிடைக்கும் வைத்தியம், வெப் சர்வருக்கான கட்டளைகள் இருக்கும் எச்டிஆக்சஸ் கோப்பில் 'பிஎச்பி வேல்யூ' என்று தொடங்கும் இரண்டு வரி. என்னைக் கேட்டால் அதைத்தான் கடைசியில் தொடுவேன்.

அப்பாச்சி என்ற வெப் சர்வருக்குள்ளேயே பிஎச்பி ஒரு மாட்யூலாக ஓடும் அமைப்புக்கான வரிகள் அவை. (லைட்ஸ்பீட் என்ற இன்னொரு வெப் சர்வரும் புரிந்துகொள்ளும்.) இப்போது பல சர்வர்களில் பிஎச்பி, எஃப்பிஎம் என்று தனியாக ஓடுகிறது. அங்கே அந்த வரி அப்பாச்சிக்குப் புரியாது; உடனே தளம் மொத்தமும் 500 எரர். நண்பரின் கடைத் தளத்தில் ஒருமுறை இப்படிச் செய்துவிட்டு, அட்மின் பக்கமும் திறக்காமல் முழித்தேன். ஃபைல் மேனேஜரில் போய்ப் பார்த்தால் அந்தக் கோப்பே இல்லை! பெயர் புள்ளியில் தொடங்குவதால் மறைந்திருக்கிறது. செட்டிங்ஸில் 'ஷோ ஹிடன் ஃபைல்ஸ்' டிக் செய்த பிறகுதான் வரிகளை அழிக்க முடிந்தது.

முன்பே வேர்ட்பிரஸ் அட்மினில் டூல்ஸ், அதில் சைட் ஹெல்த், அதில் இன்ஃபோ, அதற்குள் சர்வர் என்று போயிருந்தால் இந்தக் கூத்தே தேவைப்பட்டிருக்காது. 'பிஎச்பி எஸ்ஏபிஐ' என்ற வரியில் எஃப்பிஎம் என்று இருந்தால் எச்டிஆக்சஸை விட்டுவிட்டு, பிஎச்பியே நேராகப் படிக்கும் யூசர் ஐஎன்ஐ கோப்புக்குப் போகலாம். அதில் ஏதாவது பெயரைத் தப்பாக எழுதினாலும் பிஎச்பி கண்டுகொள்ளாது, தளம் விழாது. ஒரே தொல்லை, பிஎச்பி அந்தக் கோப்பை வழக்கமாக 300 விநாடிக்கு ஒருமுறைதான் திரும்பப் படிக்கும். சேமித்ததும் ரிஃப்ரெஷ் செய்து, மாறவில்லையே என்று மறுபடி நோண்டுபவர்கள் அதிகம். ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். அப்புறம், ஒரே தடவையில் அனுப்பும் மொத்தத் தரவுக்கான வரம்பு, அதாவது 'போஸ்ட் மேக்ஸ் சைஸ்', 8 எம்பியிலேயே நின்றால் அப்லோட் வரம்பை 64 ஆக்கியும் பலனில்லை. இரண்டில் சிறியதைத்தான் வேர்ட்பிரஸ் எடுத்துக்கொள்ளும். ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் சி-பேனலில் 'மல்டி பிஎச்பி ஐஎன்ஐ எடிட்டர்' இருந்தால் இன்னும் நல்லது, கையால் எதையும் எழுத வேண்டாம்.

அப்பாச்சிக்குப் பதில் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் மட்டும் ஓடும் இடம், எச்டிஆக்சஸைத் திறந்துகூடப் பார்க்காது. அங்கே கோப்பு பெரிது என்ற 413 எரர் வந்தால் 'கிளையன்ட் மேக்ஸ் பாடி சைஸ்' 1 எம்பியிலேயே இருக்கிறதா என்று பாருங்கள்.

சிலர் வேர்ட்பிரஸின் அமைப்புக் கோப்பான டபிள்யூபி-கான்ஃபிக்கில், 'ஐஎன்ஐ செட்' என்ற பிஎச்பி கட்டளையால் வரம்பைக் கூட்டப் பார்ப்பார்கள். அது வேலைக்கு ஆகாது. வேர்ட்பிரஸ் கண் விழிப்பதற்குள் கோப்பு வந்து சேர்ந்து, பிஎச்பி அதைத் தள்ளியும் விட்டிருக்கும். ஆனால் 'மெமரி தீர்ந்துவிட்டது' என்ற எரருக்கு முதலில் போகவேண்டிய இடம் அந்த டபிள்யூபி-கான்ஃபிக் கோப்புதான். மெமரி லிமிட்டை அங்கே 256 எம்பி ஆக்கலாம், ஹோஸ்டிங்காரர் இறுக்கிப் பிடிக்காதவரை. 'இதோடு எடிட் செய்வதை நிறுத்தவும்' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி இருக்கும், அதற்கு மேலே எழுதுங்கள்.