பிரிக்ஃபீல்ட்ஸ் சாஃப்ட் சில்க்: திருப்பிப் பார்த்து வாங்க வேண்டிய சேலை

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸின் ஜாலான் துன் சம்பந்தன் பக்கத் துணிக்கடைகளில் தீபாவளி நெருங்கினால் முதலில் கைக்குக் கொடுப்பது சாஃப்ட் சில்க் சேலையைத்தான். இங்கே எடுத்துக்கொண்டது 420 வெள்ளிக்கு (மலேசிய ரிங்கிட்) விற்ற ஒன்று: மயில்கழுத்து நிற உடல், அரக்குக் கரை, உடல் நிறையச் சரிகைப் புட்டா (சிறு பூக்கள்), மூன்று முழ முந்தி. "அசல் காஞ்சிபுரம், கைத்தறி" என்று சொல்லி விற்றார்கள். அதே கடையில் 1,900 வெள்ளிக்கு இருந்த, கரையைத் தனி நூலால் உடலோடு கோத்து நெய்யும் கோர்வைச் சேலையையும் பக்கத்தில் விரித்து ஒப்பிட்டோம்.

420 வெள்ளிச் சேலை உடுத்த நல்ல சேலை. மடிப்பு தானாக விழுகிறது, எடை 430 கிராம்தான், நாள் முழுக்கக் கட்டியிருக்கலாம். ஆனால் கைத்தறி இல்லை. ரேப்பியர் என்ற விசைத்தறியில், டிசைனுக்கேற்ப இழைகளைத் தூக்கும் கணினி ஜக்கார்டு பூட்டி நெய்தது. இப்படி நெய்வதில் குற்றம் எதுவும் கிடையாது; இல்லாத பெயரைச் சொல்லி விற்பதுதான் குற்றம்.

எந்தத் தறி என்பதை முதலில் காட்டிக்கொடுப்பது ஓரம். கைத்தறியானாலும் பழைய விசைத்தறியானாலும் நாடா (குறுக்கு நூலைச் சுமந்து ஓடும் கட்டை) ஓடும் தறியில் ஊடை, அதாவது அந்தக் குறுக்கு நூல், ஓரம் வரை போய் மடங்கித் திரும்பும். விரலால் தடவினால் ஓரம் மூடி, வழுவழுப்பாக இருக்கும். ரேப்பியரில் நாடாவே கிடையாது. ஒரு கவ்வி ஊடையைப் பிடித்து நடுவழி வரை கொண்டுவரும், எதிர்ப்பக்கக் கவ்வி அதை வாங்கி மறு ஓரத்துக்கு இழுத்துப் போகும். அதனால் ஒவ்வொரு ஊடையும் தனித்தனியாக வெட்டுப்படும். அவிழாமல் இருக்க ஓரத்தில் இரண்டு இழைகள் ஒன்றையொன்று முறுக்கி அதைப் பிடித்துக்கொள்ளும். இந்தச் சேலையில் இரண்டு ஓரத்திலும் 2 மில்லிமீட்டர் நீளத்துக்குப் பிசிறு வரிசையாக நின்றது. முறுக்கிப் பிடித்த இழை எங்காவது அறுந்தால் அந்த இடத்தில் ஓரம் பிரிய ஆரம்பிக்கும். குதிகாலில் உரசும் கீழ் ஓரம்தான் முதலில் போகும். ஃபால்ஸ் தைக்கும்போது ஓரத்தை அப்படியே விடாமல் அரை சென்டிமீட்டர் உள்ளே மடித்துத் தைக்கச் சொல்லுங்கள்.

ஓரத்தில் இருக்கும் ஊசித்துளைகளைக் காட்டி "பாருங்க, கைத்தறி அடையாளம்" என்றும் சொல்வார்கள். அது பாதி உண்மை. நெய்யும்போது அகலம் சுருங்காமல் இழுத்துப் பிடிக்க இரண்டு வகைத் தறியிலும் முள் வைத்த கருவி உண்டு. கைத்தறியில் அது ஒரு கோல். சில அங்குலம் நெய்ததும் நெசவாளர் கையால் கழற்றி முன்னே குத்துவார். ஆகவே துளைகள் விட்டு விட்டு, கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். விசைத்தறியில் முள்வளையம் துணியோடு சேர்ந்தே உருளும்; துளைகள் தையல் போட்டதுபோல இடைவெளி மாறாமல் கடைசி வரை போகும். இந்தச் சேலையில் இருந்தது இரண்டாவது வகை.

இனி கரை. இங்கேதான் இரண்டு சேலைக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். கோர்வையில் மூன்று நாடா: இரண்டு கரைக்கு இரண்டு, உடலுக்கு ஒன்று. உடலின் ஊடை கரை தொடங்கும் இடம் வரை வந்து, கரையின் ஊடையோடு கொக்கி போல மாட்டிக்கொண்டு திரும்பும். ஒவ்வொரு ஊடைக்கும் இதே வேலை. ஒரு கரை நாடாவைத் தள்ள இன்னொரு ஆள் பக்கத்தில் உட்கார வேண்டும். 1,900 வெள்ளிச் சேலையைத் திருப்பியபோது உடலும் கரையும் சேரும் கோட்டில் கடுகளவுக்கும் சிறிய முடிச்சு போன்ற மேடுகள் நெடுக ஓடின. கோடும் ரூலர் வைத்துக் கிழித்ததுபோல இல்லை, மிக லேசாக அசைந்து அசைந்து போனது. கரையை மட்டும் இரண்டு கையாலும் பிடித்து வெளிச்சத்தில் சாய்த்தால் சுத்த அரக்கு. வேறு நிறச் சாயலே இல்லை.

420 வெள்ளிச் சேலையில் ஒரே ஊடை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை போகிறது. அப்படியானால் கரை எப்படி அரக்கு நிறத்தில் தெரிகிறது? கரைக்குரிய பாவு இழைகளை (நீளவாக்கில் ஓடுபவை) அரக்குச் சாயத்தில் போட்டு, அவற்றை நெருக்கி, சாட்டின் நெசவில் மேலே மிதக்கவிட்டிருக்கிறார்கள். மயில்கழுத்து ஊடை அவற்றின் அடியில் மறைந்துகொள்கிறது. முன்பக்கம் பார்க்கக் கச்சிதம். திருப்பினால் கரையின் பின்பக்கம் மயில்கழுத்துப் புள்ளிகள் வெளியே எட்டிப் பார்க்கும். சேரும் கோடு நூல் பிடித்ததுபோல நேராக இருக்கும், மேடு இருக்காது. கெட்டிக்காரத்தனமான கட்டமைப்பு என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். கோர்வை அல்ல என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும்.

முந்தியிலும் இதே கதைதான். காஞ்சிபுரத்துப் பேட்டினியில் உடலின் பாவு இழைகளோடு முந்தியின் பாவு இழைகளைக் கையால் ஒவ்வொன்றாகக் கோத்து இணைப்பார்கள்; இணைந்த இடத்தில் வரிவரியாகத் தடிப்பு நிற்கும், அங்கிருந்து பாவின் நிறமே மாறிவிடும். சாஃப்ட் சில்க்கில் பாவு அதேதான், ஊடை மட்டும் அரக்குக்கு மாறுகிறது. முந்தியை அசைத்தால் அரக்குக்குள் மயில்கழுத்து மின்னுவது அதனால்தான். சிலருக்கு அந்த மின்னல் பிடிக்கும், அழகாகவும் இருக்கிறது. ஆனால் அதைப் பேட்டினி என்று சொல்லி விலை ஏற்றினால் ஏமாறாதீர்கள்.

முந்தியில் யானை, மரம், கோபுரம் என்று எதுவும் திரும்ப வராத பெரிய காட்சி. 1804இல் வந்த ஜக்கார்டு முறையில் ஒவ்வொரு ஊடைக்கும் ஒரு துளையட்டை வேண்டும். டிசைன் நீண்டால் அட்டைக் கட்டும் நீளும், செலவும் ஏறும். அதனால்தான் பழைய சேலைகளில் சின்னச் சின்ன உருவம் திரும்பத் திரும்ப வரும். 1983 மிலான் இயந்திரக் கண்காட்சியில் போனாஸ் நிறுவனம் மின்னணு ஜக்கார்டைக் காட்டிய பிறகு அட்டைக்கு வேலை இல்லாமல் போனது; கோப்பை மாற்றினால் டிசைன் மாறும். ஆனாலும் பெரிய காட்சியை மட்டும் வைத்து விசைத்தறி என்று தீர்ப்பு எழுதாதீர்கள். இப்போது கைத்தறியிலும் மின்னணு ஜக்கார்டு பூட்டுகிறார்கள்.

இந்தச் சேலையின் பெரிய குறை புட்டாவின் பின்பக்கம். கையால் போடும் புட்டாவில் ஒவ்வொரு பூவுக்கும் தனிக் குச்சியில் சரிகை. பூவின் எல்லைக்குள்ளேயே போய்த் திரும்பும். ரேப்பியரில் சரிகை முழு அகலத்துக்கும் ஓடும். இரண்டு பூவுக்கு நடுவில் பின்னால் தொங்கும் நீளத்தை நெய்து முடித்தபின் வெட்டி எறிகிறார்கள். அதனால் ஒவ்வொரு பூவைச் சுற்றியும் வெட்டுமுனைகள். பின்பக்கத்தைப் புறங்கையால் தடவினால் சுரசுரவென்று குத்தும். ஊசிமுனையால் ஒரு முனையை மெல்ல நெம்பியதும் சரிகை 1 சென்டிமீட்டர் வழுக்கிக்கொண்டு வந்தது. வளையலோ மோதிரமோ மாட்டினால் பூவே கலையும். புட்டா நெருக்கமாக உள்ள பகுதிக்கு மட்டும் மெல்லிய வலைத்துணியைப் பின்னால் தைத்துக்கொண்டால் தப்பிக்கலாம்; சேலை முழுக்க வலை போட்டால் மடிப்பு விறைத்துவிடும், சாஃப்ட் சில்க் வாங்கியதற்கே அர்த்தம் இல்லாமல் போகும்.

இழை நெருக்கத்தைப் பார்க்கப் பூதக்கண்ணாடி எல்லாம் தேவையில்லை. ரூலரை உடல் பகுதியில் வைத்து, கைப்பேசியில் கிட்டத்தில் படம் பிடித்து, பெரிதாக்கி 1 சென்டிமீட்டருக்குள் உள்ள இழைகளை எண்ணுங்கள். இதில் பாவு 44, ஊடை 26. ஊடை கொஞ்சம் குறைவுதான். இரண்டு கட்டைவிரலையும் பக்கத்தில் பக்கத்தில் அழுத்தி எதிரெதிரே தள்ளியபோது இழைகள் லேசாக விலகி, திரும்பச் சேர்ந்தன. இது தாங்கும். விலகிய இடம் அப்படியே நின்றால் அந்தச் சேலையை வாங்க வேண்டாம், இடுப்பில் பின் குத்தும் இடத்தில் முதல் கல்யாணத்திலேயே கிழிந்துவிடும்.

அடுத்து நூல். ரவிக்கைத் துண்டின் ஓரத்திலிருந்து ஒரு பாவு இழை, ஒரு ஊடை இழை என இரண்டும் தனித்தனியே எடுத்து எரித்துப் பார்க்க வேண்டும். ஒன்றை மட்டும் எரித்துக் காட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பாவு பட்டாகவும் ஊடை பாலியெஸ்டராகவும் வரும் சேலைகள் நிறைய. பட்டு முடி கருகும் வாசம் வீசி, நெருப்பை எடுத்ததும் அணைந்து, சாம்பல் விரலில் பொடியாகும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டி மணியாகும். இதில் இரண்டும் பட்டு, அதற்கு முழு மதிப்பெண். சரிகை மட்டும் உருகியது: உலோகப் பூச்சுள்ள பிளாஸ்டிக் இழை. இந்த விலைக்கு அதுதான் வரும். கோலாலம்பூர் ஈரக்காற்றில் செம்புச் சரிகையைப் போலக் கறுக்காது என்பது ஒரு லாபம். ஆனால் சூடான இஸ்திரிப்பெட்டியை நேராக வைத்தால் சுருண்டுவிடும். மேலே பருத்தித்துணி போட்டு, குறைந்த சூட்டில் தேய்க்க வேண்டும்.

சேலையில் தொங்கிய சில்க் மார்க் சீட்டைக் காட்டியும் கைத்தறி என்றார்கள். 2004இல் இந்தியாவில் தொடங்கிய சில்க் மார்க் பட்டு சுத்தமானதா என்பதற்கு மட்டுமே உத்தரவாதம். எந்தத் தறி என்று அது சொல்லாது. கைத்தறிக்கு ஹேண்ட்லூம் மார்க் என்று தனி முத்திரை உண்டு. இரண்டையும் குழப்பி விற்பது நெசவாளருக்கும் துரோகம், வாங்குகிறவருக்கும் துரோகம். கோர்வை போட நாள்கணக்கில் இருவர் குனிந்து உட்கார்ந்த கூலி அந்த 1,900 வெள்ளிக்குள் இருக்கிறது.

பட்டுக்குப் பட்டு என்று பார்த்தால் 420 வெள்ளி நியாயமான விலை. இதே நெசவை 700, 800 வெள்ளிக்குக் கைத்தறி என்று நீட்டினால், "அக்கா, கரையைத் திருப்பிக் காட்டுங்க" என்று கேளுங்கள். திருப்பத் தயங்கினால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டலாம். வாங்கிவிட்டால், ரவிக்கைத் துண்டைத் தையற்காரரிடம் கொடுக்கும்போது அக்குளிலும் முதுகிலும் தையலுக்கு உள்ளே 2 சென்டிமீட்டர் துணி விட்டு, உள்ளே பருத்தி லைனிங் வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். ஊடை தளர்ந்த துணி முதலில் விட்டுக்கொடுப்பது அந்த இரண்டு தையலில்தான்.