லான் களை எடுப்பதாக வருபவர்களிடம் முழுப் பணத்தையும் முன்னாடியே கொடுத்துவிடாதீர்கள்

வேலூர், காட்பாடி பக்கம் வீட்டு முன்னால் புல்தரை வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள். 18,500 ரூபாய் போய்விட்டது. இருந்த புல்லும் போய்விட்டது.

நாங்கள் போட்டிருந்தது கொரியன் புல். நடுநடுவே கோரை, மதில் ஓரம் கொஞ்சம் பார்த்தீனியம், அவ்வளவுதான் பிரச்சினை. வீட்டு வேலைகளுக்கு ஆள் அனுப்பும் ஒரு ஆப்பில் 'களையில்லா லான், ஆறு மாத கேரண்டி' என்று போட்டிருந்ததைப் பார்த்துப் பதிவு செய்தேன்.

வந்தவர் பேச்சைக் கேட்டால் யாராக இருந்தாலும் நம்புவார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுப் புல்லில் உட்கார்ந்து, ஒரு கோரையைக் கம்பியால் நெம்பி எடுத்தார். தண்டை விரலால் உருட்டி மூன்று பட்டையாக இருப்பதைக் காட்டினார். அடியில் கறுப்பாக ஒரு கிழங்கு, அதிலிருந்து நூலாக ஓடி இன்னொரு கிழங்கு. "மேல எத்தனை தடவை வெட்டினாலும் இது சாகாதுக்கா, புல்லை அடர்த்தியாக்கினாத்தான் அடங்கும், வெட்டுறதும் உரமும் நான் பாத்துக்கறேன்" என்றார். சொன்னது அத்தனையும் சரி. அதை நம்பித்தான் அங்கேயே நின்று போனில் 18,500 ரூபாயையும் அனுப்பினேன்.

வேலைக்கு வந்தது அவர் இல்லை, வேறு இரண்டு பையன்கள். கத்திரி வெயில், உச்சிப்பொழுது, பிரஷ் கட்டரை வைத்து மண் தெரிகிற அளவுக்கு மழித்துவிட்டார்கள். ஒரு தடவைக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் புல்லை வெட்டவே கூடாது, இலை போனால் வேரும் சோர்ந்துவிடும், நிழல் இல்லாத மண்ணில் வெளிச்சம் பட்டால் உள்ளே கிடக்கிற களை விதையெல்லாம் முளைக்கும். அதற்கு மேல் காய்ந்த தரையில் யூரியாவைக் கை கையாக விசிறிவிட்டுத் தண்ணீர்கூட விடாமல் கிளம்பிவிட்டார்கள். 46 சதவீதம் தழைச்சத்து உள்ள உரம் அது, அந்த வெயிலில் சுடாமல் என்ன செய்யும்? புல் திட்டுத்திட்டாகக் கருகியது. கோரைக்குத்தான் கிழங்கில் சேமிப்பு இருக்கிறதே, போட்ட உரத்தையும் தின்றுவிட்டு முன்னைவிட அடர்த்தியாகக் கிளம்பிவிட்டது.

போன் பண்ணினால் முதலில், "வேர் பிடிக்குதுக்கா, ஒரு மழை வரட்டும்." அப்புறம், "உங்க போர் தண்ணி உப்பு மேடம்." அப்புறம் எடுக்கவே இல்லை. ஆப்பின் கஸ்டமர் கேரில் ஒவ்வொரு தடவையும் வேறு ஆள், முதலிலிருந்து சொல்ல வேண்டும், போட்டோவை மறுபடி அனுப்ப வேண்டும். கடைசியில் ஒரு மெசேஜ் வந்தது: கேரண்டி புல்லுக்கு மட்டும்தான், களைக்குப் பொருந்தாது. களை எடுக்கத்தானே 18,500 ரூபாய் வாங்கினீர்கள்? புல்லாவது இருக்கிறதா?

லான் பராமரிப்பு பற்றி விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது இருக்கிற ஆத்திரத்தில் இவ்வளவுதான் வருகிறது. வேலை முடிந்து புல் துளிர்த்த பிறகு மீதிப் பணம் கொடுங்கள். வெட்டும்போது பக்கத்திலேயே நில்லுங்கள், பிளேடை உயர்த்தி வைக்கச் சொல்லுங்கள். யூரியா என்றால் கொஞ்சமாக, சாயங்காலம், போட்ட உடனே தண்ணீர். கோரைக்கு கிளைபோசேட் என்ற களைக்கொல்லி அடிக்கிறேன் என்றால் விடாதீர்கள், அது புல்லையும் சேர்த்துக் கொன்றுவிடும். சந்தேகம் இருந்தால் விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேளுங்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுத்துவிட்டேன். இதே மாதிரி ஏமாந்தவர்கள் பில், மெசேஜ், போட்டோ எதையும் அழிக்காமல் நீங்களும் கொடுங்கள்.