ஏஎஸ்எச் 25-ஆ, டூவோ டிஸ்கஸா?

கோலாலம்பூரில் இருந்துகொண்டு, ஆஸ்திரேலியாவின் நேரோமைன் போன்ற கிளைடர் தளத்தில் இரட்டை இருக்கை கிளைடர் (எஞ்சின் உந்துதல் இன்றிச் சறுக்கிப் பறக்கும் விமானம்) ஒன்றைக் கூட்டாக வாங்கி நிறுத்திவைக்க விரும்பும் நண்பர்கள் இவ்விரண்டுக்கும் இடையில்தான் தடுமாறுகிறார்கள்.

சறுக்குத் திறன்: ஏஎஸ்எச் 25-இன் இறக்கை நீளம் 25 மீட்டர், 1000 மீட்டர் உயரத்திலிருந்து அசைவற்ற காற்றில் ஏறத்தாழ 57 கிலோமீட்டர் செல்லும். டூவோ டிஸ்கஸின் இறக்கை 20 மீட்டர். அது செல்வது சுமார் 45 கிலோமீட்டர். நம் ஊர்க் கணக்கில், கோலாலம்பூருக்கு மேலே அதே உயரத்தில் புறப்பட்டால் முன்னது சிரம்பானைத் தொடும், பின்னது வழியிலேயே இறங்கிவிடும்.

கையாளுதல்: இங்கேதான் நான் அதிகம் எச்சரிப்பேன். நீண்ட இறக்கை மெதுவாகவே சாயும். திருப்பத்தில் மூக்கு எதிர்ப்புறம் இழுபடுவதால் கால் மிதியை நிறையப் பயன்படுத்த வேண்டும். வேகத்துக்கேற்ப ஃபிளாப்பையும் (இறக்கையின் பின்விளிம்பில் மேலும் கீழும் மடங்கும் பகுதி) மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கிளைடரை மேலே தூக்கும் வெப்பக்காற்று ஓய்ந்து வயலில் இறங்க நேர்ந்தால், 25 மீட்டர் இறக்கைக்கு வேலியும் மரமும் இல்லாத இடம் தேட வேண்டியிருக்கும். டூவோ டிஸ்கஸ் பழகுநருக்கும் இணங்கிப் போகும்.

இறக்கை பூட்டுதல்: ஏஎஸ்எச் 25-இன் கனத்த இறக்கைகளை டிரெய்லரிலிருந்து எடுத்து மாட்டப் பழகிய ஆட்கள் பலர் தேவை, ஆண்டுக்கு இரண்டு வாரமே செல்பவர்களுக்கு இது பெரும் சுமை.

ஆகவே, 750 கிலோமீட்டர் பயணங்களையே குறிவைக்கும் அனுபவமுள்ள இருவருக்கு ஏஎஸ்எச் 25. விடுமுறையில் பறந்து, பிள்ளைகளுக்கும் கற்றுத்தர விரும்பும் குழுவுக்கு டூவோ டிஸ்கஸ்.