அரசாங்கம் குடியிருக்குற மாடி: இந்த லீவு அனுபவம்

வெளிநாட்டுல இருந்து மூணு வார லீவுல ஊருக்குப் போயிட்டு வந்தேன், அதுல பாதி அப்பா கட்டின பில்டிங்குக்கே போச்சு. மேல்மாடியில பல வருஷமா ஒரு மாநில அரசு ஆபீஸ் இருக்கு. அப்பா போனப்புறம் பில்டிங் என் பேருக்கு வந்துச்சு, அக்ரிமென்ட் முடிஞ்சும் போச்சு, அவங்க பாட்டுக்கு பழைய வாடகையவே போட்டுட்டு இருந்தாங்க.

பேப்பர் வேலைக்கு பயந்துட்டுதான் போனேன், ஆனா வில்லங்கம், பட்டா ரெண்டையும் ஆன்லைன்லயே காசில்லாம பாத்துட்டேன். புது வாடகை எவ்வளவுன்னு முடிவு பண்றதுதான் இழுத்துச்சு. பக்கத்துக் கடைக்காரன் எவ்வளவு வாங்குறான்ங்கறதெல்லாம் இங்க எடுபடாது, பொதுப்பணித்துறை இன்ஜினியர் வந்து அளந்து, இட மதிப்பு, கட்டடத்தோட வயசு எல்லாம் போட்டு நியாய வாடகைன்னு சர்டிபிகேட் தரணும், அதுதான் கணக்கு. அட்வான்ஸும் கிடையாது. நிதி ஒதுக்கீடு வரலன்னா நாலு மாச வாடகை மார்ச்சுல மொத்தமா வரும், ஆனா வந்துடும், அதை ஒத்துக்கணும்.

அளக்க வந்த அன்னைக்கு இன்ஜினியர் ஆள் பத்தலன்னு டேப்போட ஒரு முனைய என் கையில குடுத்து "சார், சுவரோட ஒட்டிப் பிடிங்க"ன்னாரு. எங்க ஒட்டுறது, தரையில இருந்து ஜன்னல் வரைக்கும் சிவப்பு நாடா கட்டுன ஃபைல், சுவரே தெரியல, கடைசியில ஃபைல் மேல ஏறி நின்னு பிடிச்சேன். அந்தக் காலத்துல 1960 வாடகைக் கட்டுப்பாட்டு சட்டத்துல பில்டிங் காலியானா 7 நாளுக்குள்ள அதிகாரிக்கு தெரிவிக்கணும், வேணும்னா அரசாங்கமே வாடகைக்கு எடுத்துக்கும். இப்ப அந்த சட்டமே இல்ல, 2019-ல புதுசு வந்துடுச்சு. இந்த மாடி அப்படி போனதா, அப்பாவே விரும்பிக் குடுத்ததான்னு கேக்க இப்ப ஆள் இல்ல.

என்னைய உலுக்குனது வரிதான். அப்பா இருந்தவரை வாடகையில 10 சதவீதம் பிடிச்சாங்க, அதையே எனக்கும் தொடர்ந்துட்டு இருந்தாங்க. ஆடிட்டர் பாத்துட்டு "தம்பி, ஓனர் என்ஆர்ஐன்னா, அதாவது வெளிநாட்டுல இருக்குறவர்னா, 30 சதவீத வரியும் அந்த வரி மேல போடுற செஸ்ஸும் சேத்து 31.2 சதவீதம் பிடிக்கணும், அவங்க தாக்கல் பண்ற படிவமே வேற"ன்னாரு. ஆபீஸ்ல போய் சொன்னா கிளார்க் அம்மா "இதுவரைக்கும் யாரும் இப்படி வந்து கேட்டதில்லையே சார்"ன்னு என்னையே ஏற இறங்க பாத்தாங்க, அதிகமா பிடிங்கன்னு நானே போய் நிக்கிறேன்ல! தப்பா பிடிச்சா பொறுப்பு அவங்க தலையில, அதனால எழுதிக் குடுத்துட்டு வந்தேன். குறைச்சுப் பிடிக்க வருமான வரித்துறையில முன்கூட்டியே சான்று வாங்கலாம், இல்லன்னா ரிட்டர்ன் போட்டு திரும்ப வாங்கிக்கலாம், ஏன்னா கட்டின சொத்துவரி போக மிச்ச வாடகையில 30 சதவீதம் செலவுன்னு கழிச்சுட்டுதான் வரியே. வாடகை விழுற அக்கவுண்ட்டையும் என்ஆர்ஓவா, அதாவது என்ஆர்ஐக்காரங்க இந்திய வருமானம் போடுற அக்கவுண்ட்டா, மாத்திட்டேன்.

கிளம்புறதுக்கு முன்னாடி மச்சான் பேர்ல பவர் எழுதி ரிஜிஸ்டர் பண்ணிட்டேன். வெளிநாட்டுல இருந்து எழுதி அனுப்பினா தூதரகத்துல போய் நிக்கணும், இங்க வந்த 3 மாசத்துக்குள்ள முத்திரைக் கட்டணம் வேற கட்டணும், எதுக்கு அந்த அலைச்சல்.

சர்டிபிகேட் இன்னும் வரல. நேத்து மச்சான் வாட்ஸ்அப் பண்ணான், அளவுல படிக்கட்டு விட்டுப்போச்சாம், திரும்ப வராங்களாம், டேப் பிடிக்க ஆள் ரெடியா இருக்கணுமாம்.