புளூடூத் ஓபிடி ஸ்கேனர்: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

கார் எப்படி ஓடுகிறது என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர்களுக்கு நான் முதலில் வாங்கச் சொல்வது, காரின் கணினியோடு பேசிக் கோளாறுகளையும் சென்சார் எண்களையும் போனில் காட்டும் ஈஎல்எம்327 வகை புளூடூத் ஓபிடி ஸ்கேனரைத்தான். டாஷ்போர்டுக்கு அடியில், ஓட்டுநர் பக்கம், 16 பின் கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும். அதில் இதைச் செருகி, போனில் ஒரு ஆப்பைத் திறந்தால், எஞ்சினை நடத்தும் கணினியான ஈசியூ பார்க்கிற எண்களை நாமும் பார்க்கலாம். 2013க்குப் பிறகு நம் நாட்டில் விற்பனைக்கு வந்த பெரும்பாலான கார்களில் இது வேலை செய்யும்.

என்னுடையது கோவையில் செகண்ட் ஹேண்டில் வாங்கிய மூன்று சிலிண்டர் பெட்ரோல் கார். வெப்பம் காட்டும் முள் அதில் கிடையாது. எஞ்சின் குளிர்ந்திருந்தால் நீல விளக்கு, சூடு மீறினால் சிவப்பு விளக்கு, அவ்வளவுதான். அதனால் ஸ்கேனரில் நான் அதிகம் பார்த்த எண், எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்டின் வெப்பநிலை. அதுவே நிறையக் கற்றுக்கொடுத்தது. ஆரோக்கியமான எஞ்சினில் அந்த எண் மளமளவென்று ஏறி, பொதுவாக 80 டிகிரி செல்சியஸுக்கு மேல் வந்து நிற்கும். அந்த வெப்பத்துக்கு வந்த பிறகுதான் தெர்மோஸ்டாட் திறந்து, கூலண்டை ரேடியேட்டருக்கு அனுப்பும்.

என் காரில் அப்படி நடக்கவில்லை. ஊருக்குள் ஓட்டும்போது 75 வரை போகும். அவிநாசி ரோட்டில் வேகம் எடுத்தால் மறுபடி 60களுக்கு இறங்கிவிடும். மைலேஜும் வரவில்லை. ஒரு பட்டறையில் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரைக் கழுவ வேண்டும் என்றார்கள். வேறொரு மெக்கானிக் அண்ணனிடம் போனில் அந்த எண்களைக் காட்டினேன். பார்த்ததுமே, "தெர்மோஸ்டாட்டைக் கழட்டி விட்டிருப்பாங்க" என்றார். திறந்து பார்த்தால் அப்படியே. "நம்ம ஊர் சூட்டுக்கு அது எதுக்குங்க" என்று கழற்றிப் போடும் வழக்கம் இங்கே இன்னும் இருக்கிறது. கூலண்ட் குளிர்ச்சியாகவே இருந்தால், எஞ்சின் இன்னும் சூடாகவில்லை என்று நினைத்து ஈசியூ கூடுதலாகப் பெட்ரோல் ஊற்றும். ஆவியாகாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் வழிந்து ஆயிலில் கலந்து, அதை நீர்த்துப்போகச் செய்யும். எஞ்சினுக்கும் உகந்த சூடு என்று ஒன்று உண்டு என்பது அன்றைக்குத்தான் எனக்கு முழுதாகப் புரிந்தது. புது தெர்மோஸ்டாட் போட்டதும் எண் 80களில் வந்து நின்றது, மைலேஜும் திரும்பியது.

அடுத்து ஊட்டிப் பயணம். சாவியை ஆன் செய்து, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல், எஞ்சினுக்குள் காற்று போகும் வழியின் அழுத்தத்தை (இன்டேக் அழுத்தம்) பார்த்தால், வெளிக்காற்றின் அழுத்தம் தெரியும். கோவையில் 96 கிலோபாஸ்கல் அளவில் காட்டியது. 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள ஊட்டியில் 77, 78 என்றது. டர்போ இல்லாத எஞ்சினுக்கு ஒவ்வொரு மூச்சிலும் ஐந்தில் ஒரு பங்கு காற்று குறைகிறது என்று பொருள். ஒரு பங்கு பெட்ரோல் சரியாக எரிய எடையில் 14.7 பங்கு காற்று வேண்டும். காற்று குறைந்தால் பெட்ரோலையும் குறைத்தாக வேண்டும், சக்தியும் குறையும். மலையேறும்போது கார் சோர்ந்து போவதற்கு ஏற்றம் மட்டும் காரணமில்லை.

இறங்கும்போது கண்டதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சம் என்று பலர் இன்னும் நம்புகிறார்கள். கோத்தகிரி வழியாக இரண்டாம் கியரில், ஆக்சிலரேட்டரில் கால் வைக்காமல் இறங்கும்போது, பக்கத்து சீட்டில் இருந்த தம்பியைப் போனைப் பார்க்கச் சொன்னேன். சாதாரணமாக 0.1க்கும் 0.9க்கும் இடையே ஊசலாடும், புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சாரின் வோல்ட் பூஜ்யத்தை ஒட்டிப் படுத்துவிட்டது. அப்படியென்றால் சைலன்ஸர் பக்கம் வெறும் காற்றுதான் போகிறது; ஈசியூ இன்ஜெக்டரையே மூடிவிட்டது! சக்கரங்கள்தான் எஞ்சினைச் சுழற்றுகின்றன. நியூட்ரலில் இருந்தால் எஞ்சின் அணையாமல் ஓட, அதற்குப் பெட்ரோல் கொடுத்தே ஆக வேண்டும். பிரேக் சூடேறி வலுவிழக்கும் ஆபத்து வேறு. ஏறிய கியரிலேயே இறங்கு என்று பழைய லாரி டிரைவர்கள் சொல்வது எவ்வளவு சரி!

பேட்டரி விஷயமும் எளிது. ஓய்வில் 12.6 வோல்ட், ஓடும்போது 14ஐ ஒட்டி இருந்தால் பொதுவாகக் கவலை வேண்டாம்.

குறைகளும் உண்டு. சந்தையில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை நகல்கள். நான் முதலில் வாங்கியது அடிக்கடி இணைப்பை விட்டுவிடும். ஏபிஎஸ், ஏர்பேக் கோளாறுகளைப் பொதுவான ஆப்கள் பெரும்பாலும் காட்டாது. அப்புறம், ஸ்கேனர் காட்டும் கோளாறுக் குறியீடு என்பது தீர்ப்பு அல்ல. பி0420 வந்தால், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரின் செயல்திறன் குறைவு என்று பொருள். ஆனால் சைலன்ஸர் இணைப்பில் கசிவு இருந்தாலும் அதே குறியீடு வரலாம். விலை உயர்ந்த பாகத்தை மாற்றும் முன் காரணத்தைத் தேடச் சொல்லுங்கள். காரணம் தெரியாமல் குறியீட்டை அழிக்கவும் வேண்டாம், தடயம் போய்விடும்.

ஐபோன் வைத்திருப்பவர்கள் சாதாரண புளூடூத் வகையை வாங்காமல், வைஃபை அல்லது புளூடூத் எல்இ வகையைப் பார்த்து வாங்குங்கள். காரைப் பல நாள் எடுக்காமல் நிறுத்துவதாக இருந்தால் ஸ்கேனரைக் கழற்றி வையுங்கள், சும்மா இருந்தாலும் அது பேட்டரியை உறிஞ்சிக்கொண்டே இருக்கும்.