வாட்ச் செயினின் நடுக்கண்ணிக்குத் தங்க முலாம்: மூன்று வருடம் கட்டிப் பார்த்த அனுபவம்

ஒரு சைகோ 5 வாட்ச்சின் ஸ்டீல் செயினில் நடுக்கண்ணிகளுக்கு மட்டும் தங்க முலாம் போட்டு மூன்று வருடத்துக்கு மேல் ஆகிறது. வாரத்தில் பாதி நாளாவது கையில் இருக்கும் வாட்ச் இது. ஆபீஸ் மேசை, பைக் பயணம், கல்யாணப் பந்தி, கோவை வெயில் எல்லாம் பார்த்துவிட்டது. போடலாமா என்று கேட்டால், தாராளமாகப் போடலாம் என்பேன். முலாம் எத்தனை மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கனம் என்று மண்டையை உடைத்துக்கொள்வதற்கு முன்னால், செயினில் எந்த இடத்துக்குப் போடுவது என்று மட்டும் முதலில் முடிவு பண்ணுங்கள். முலாம் நிற்பதும் போவதும் அதில்தான் இருக்கிறது.

என்னுடையது 7எஸ்26 மெஷின் போட்ட பழைய மாடல். கண்ணாடியைச் சுற்றிய வளையமும் சாவியும் தங்க நிறம். கூட வந்த செயினும் இரண்டு நிறம்தான், ஆனால் மெல்லிய தகட்டை மடித்துச் செய்த கண்ணிகள். ஆட்டம் கண்டுவிட்டது, லாக்கில் தங்கம் போய் வெள்ளை தெரிந்தது. மாற்றுச் செயின் தேடியபோது கெட்டிக் கண்ணி ஜூபிலி செயின் முழு ஸ்டீலில்தான் என் வாட்ச்சுக்குப் பொருத்தமாகக் கிடைத்தது. ஜூபிலி என்றால் குறுக்கே ஐந்து துண்டு: ஓரத்தில் இரண்டு அகலமானவை, நடுவில் மூன்று சின்னவை. ரோலெக்ஸ் 1945-இல் டேட்ஜஸ்ட் என்ற வாட்ச்சோடு கொண்டுவந்த அமைப்பு. அந்த நடு மூன்றுக்கும் தங்கம் ஏற்றினால் போதும், பழைய தோற்றம் வந்துவிடும்.

ரோலெக்ஸ் இதை எப்படிச் செய்கிறது என்று பார்த்தால் முலாம் என்ற பேச்சே கிடையாது. ஸ்டீலும் தங்கமும் சேர்ந்த இந்த அமைப்புக்கு 1933-இலேயே ரோலெசார் என்று பெயரைப் பதிவு செய்து வைத்திருக்கிறார்கள். இன்றைய ரோலெசார் செயினில் நடுக்கண்ணி 18 கேரட் தங்கமேதான். கீறல் விழும், தேயும், ஆனால் உள்ளே இருந்து வேறு நிறம் எட்டிப்பார்க்காது. நானும் நடுக்கண்ணியைத் தங்கத்திலேயே அடித்துத் தர முடியுமா என்று ஒரு பத்தரிடம் விசாரித்தேன். முடியும். ஆனால் 22 கேரட் இந்த வேலைக்கு மெத்து, பின் போகிற துளை சீக்கிரம் அகலும், 18-இல்தான் செய்யவேண்டும். எடைக்கணக்கைப் போட்டதும் பேச்சு அங்கேயே முடிந்தது. அந்தக் காசுக்கு இந்த மாதிரி வாட்ச் ஒரு பெட்டி நிறைய வாங்கலாம்.

அடுத்தது டைட்டானியம் நைட்ரைடு. டிரில் பிட்டுகளில் தங்க நிறத்தில் பளபளக்கிறதே, அதே கோட்டிங். வெற்றிடப் பெட்டிக்குள் ஆவியாக்கி ஏற்றுவதால் பிவிடி என்பார்கள். தங்க முலாம் அதன் கடினத்துக்குப் பக்கத்தில்கூட வராது. கோவை மாதிரி ஊரில் கோட்டிங் போட்டுத் தருகிறவர்களைத் தேடி அலையவும் வேண்டாம். சிக்கல் என்னவென்றால், வேலை பல நூறு டிகிரி சூட்டில் நடக்கிறது. ஓரக்கண்ணியில் ஏறாமல் மறைக்கத் தடவும் லாக்கர் என்ற வார்னிஷ் மாதிரியான பூச்சு அங்கே கருகிவிடும், லாக்கில் உள்ள ஸ்பிரிங் விறைப்பு இழந்தாலும் இழக்கும். ஒவ்வொரு துண்டாகக் கழற்ற முடிகிற செயின் என்றால் கண்ணை மூடிக்கொண்டு இதற்குப் போங்கள். என் செயினில் நீளம் குறைக்கிற சில கண்ணிகளைத் தவிர மற்றவை நிரந்தரப் பின். அதனால் முலாம்தான் என்று ஆயிற்று.

ராஜ வீதிப் பக்கம் ஒரு சந்தில் முலாம் பட்டறை. நகைக்கடைகளுக்கு வேலை செய்கிறவர். செயினைக் கையில் வாங்கியதும் அவர் முதலில் தொட்டது லாக்கைத்தான். "தம்பி, இதுக்குப் போடறது காசுக்குப் புடிச்ச கேடுங்க. மேசையில கை வெச்சு வெச்சு ஆறு மாசத்துல வெளுத்துரும். நடுவால மட்டும் போட்டுக்குங்க, லாக்கு வெள்ளையாவே இருக்கட்டும்." பழைய செயினின் லாக்கைப் பார்த்திருந்த எனக்கு மறுத்துப் பேச ஒன்றுமில்லை. இன்றுவரை அந்த லாக் ஸ்டீல்தான். கையைத் திருப்பிக் காட்டினால் ஒழிய யாருக்கும் தெரியாது.

ஸ்டீல் மேல் சாதாரண முறையில் தங்கம் நேராக ஒட்டாது. ஸ்டீலின் மேற்பரப்பில் குரோமியம் ஆக்ஸைடு மெல்லிய தோலாகப் படிந்திருக்கும். துருப்பிடிக்காமல் காப்பதும் அதுதான், முலாமை ஒட்டவிடாததும் அதுதான். அதை உடைக்க நிக்கல் குளோரைடும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலந்த பச்சைத் தொட்டியில் கரண்ட் கொடுத்து ஒரு மெல்லிய நிக்கல் படலம் ஏற்றுகிறார்கள். அதன் மேல்தான் தங்கம். இந்தப் படியைத் தாண்டிக் குதித்து வெறும் டிப் போட்டுத் தருகிற இடங்களும் உண்டு. அந்த முலாம் செதில் செதிலாக உரியும். நிக்கல் ஒத்துக்கொள்ளாத உடம்பு என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், நிக்கலுக்குப் பதில் அமிலத் தங்கத் தொட்டியில் அடிப்படலம் ஏற்றும் முறையும் இருக்கிறது. ஆன்லைனில் கிட் வாங்கி வீட்டிலேயே செய்துபார்க்கும் ஆசை மட்டும் வேண்டாம். பல தங்கக் கரைசல்களில் சயனைடு உண்டு, அதில் அமிலம் கலந்தால் வருவது விஷவாயு. பழைய மடிப்புக் கண்ணிச் செயினையும் இதற்குக் கொடுக்காதீர்கள். உள்ளே புகுந்த திரவம் முழுசாக வெளியே வராது.

நிறத்துக்குத்தான் நான் அதிகம் மல்லுக்கட்டினேன். நம் ஊர் முலாம் பட்டறைகளுக்குப் பழக்கமான மஞ்சள் 916 நகையின் மஞ்சள். கவரிங் வளையல் அசல் வளையலோடு ஒத்துப்போக வேண்டும் என்றுதானே எல்லோரும் கேட்கிறார்கள். வாட்ச்சில் வரும் தங்க நிறம் அதைவிட வெளிறியது. சுவிஸ்காரர்கள் இதற்கு 1என், 2என், 3என் என்று அளவே வைத்திருக்கிறார்கள். எண் ஏற ஏற நிறம் அடர்த்தியாகும், 4என், 5என் வந்தால் சிவப்பு. என் வாட்ச் வளையம் பார்வைக்கு 1என், 2என் பக்கம். உதிரிக் கண்ணி ஒன்றில் சாம்பிள் போடச் சொல்லி, வளையத்தின் பக்கத்தில் வைத்து, தெருவுக்கு வந்து வெயிலில் பார்த்தேன். டியூப் லைட்டில் ஒன்றாகத் தெரிந்தவை வெயிலில் மாமனும் மச்சானும் மாதிரி ஆளுக்கொரு பக்கம் நின்றன. அவர் சலித்துக்கொண்டே தொட்டியை மாற்றினார். இதை வற்புறுத்தாமல் விட்டால் கையில் கட்டிக்கொண்டு திரிவது கவரிங் வளையலாகத்தான் இருக்கும்.

கனம் மூன்று மைக்ரான் கேட்டேன். சரியாகப் போட்டார்களா என்று பார்க்க ஒரு குத்துமதிப்புக் கணக்கு இருக்கிறது. தங்கத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 19.3 கிராம். ஒரு சதுர சென்டிமீட்டரில் ஒரு மைக்ரான் என்றால் கிட்டத்தட்ட 1.9 மில்லிகிராம். என் செயினின் நடுவரிசை, மேலும் கீழும் சேர்த்து 25 சதுர சென்டிமீட்டர் வரும். ஆக மூன்று மைக்ரானுக்கு 0.15 கிராம் போல எடை ஏறவேண்டும். லாக்கர் தடவுவதற்கு முன்பும், வேலை முடிந்து அதைக் கழுவி எடுத்த பிறகும் நகைத் தராசில் வைத்துப் பாருங்கள். நிக்கலும் கொஞ்சம் சேர்ந்திருக்கும் என்பதால் துல்லியம் கிடையாது, ஆனால் ஒன்றுமே ஏறவில்லை என்றால் தெரிந்துவிடும். 0.15 கிராமுக்கு அன்றைய தங்க விலையைப் போட்டால், பில்லில் பெரும்பகுதி கூலிதான் என்பதும் புரியும். அந்தக் கூலி நியாயம் என்றே சொல்வேன். ஓரக்கண்ணிகள் மேல் மெல்லிய தூரிகையால் லாக்கர் தடவி மறைத்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். கோலத்துக்குச் செம்மண் கரை கட்டுகிற பொறுமை வேண்டும் அதற்கு.

இப்போது செயின் எப்படி இருக்கிறது? மணிக்கட்டின் மேல்பக்கம் இருக்கும் கண்ணிகளில் மயிரிழைக் கீறல்கள் உண்டு, ஆனால் தங்கம் முழுசாக இருக்கிறது. சுவரிலும் கதவிலும் முதலில் மோதுவது ஓரத்து ஸ்டீல் துண்டுகள், நடுவரிசை அவற்றின் காவலில் தப்பிக்கிறது. லாக்குக்குப் பக்கத்துக் கண்ணிகள்தான் அடிவாங்கின. லேப்டாப் விளிம்பில் உரசும் இடம் அது. முதல் வருட முடிவிலேயே விளிம்புகள் வெளுக்க ஆரம்பித்துவிட்டன. செயினை மடக்கினால் துண்டுகளுக்கு இடையே ஒரு வெள்ளைக் கோடு தெரியும். அது தேய்மானம் இல்லை, முதல் நாளே இருந்தது. முலாம் போடும்போது கரண்ட் மேட்டுப் பகுதியில் அதிகம் பாயும், இடுக்கில் குறைவாகத்தான் போகும். கட்டியிருக்கும்போது தெரியாது என்பதால் எனக்கு உறுத்தவில்லை. உங்களுக்கு உறுத்துமா என்பதை முன்பே யோசித்துக்கொள்ளுங்கள்.

பராமரிப்பு பெரிதாக ஒன்றுமில்லை. வியர்வையும் தூசியும் இடுக்கில் சேர்ந்தால் கருப்பாக ஒரு மசி உண்டாகும், அதுதான் உள்ளே இருந்து அராவுகிறது. மாதம் ஒருமுறை வெதுவெதுப்பான தண்ணீர், குழந்தை ஷாம்பு, மெல்லிய டூத் பிரஷ், போதும். வெள்ளி விளக்கு மாதிரி திருநீறு போட்டுத் தேய்க்கிற வேலை வேண்டாம், பற்பசையும் வேண்டாம். சென்ட் அடித்துக்கொண்டு உடனே வாட்ச் கட்டுவதையும் நிறுத்திவிட்டேன்.

பட்டறையில் கொடுக்கும்போது, நீளம் குறைத்ததில் மிச்சமான உதிரிக் கண்ணிகளையும் அதே தொட்டியில் போட்டு வாங்கி வைத்திருந்தேன். செய்ததிலேயே பிரயோஜனமான காரியம் இதுதான். லாக் பக்கத்தில் கழற்ற முடிகிற கண்ணிகளும் அதிகம் தேய்கிற கண்ணிகளும் ஒன்றே. வெளுத்தவற்றைக் கழற்றிவிட்டு உதிரியை மாட்டிக்கொள்ளலாம், நிறம் அப்படியே பொருந்தும். முழுச் செயினையும் திரும்ப முலாமுக்குக் கொடுத்தால் பழையதை உரித்து, பஃப் பிடித்து, கண்ணியின் விளிம்புகளும் மழுங்கித்தான் வரும். அதனால் இந்த முறை கழற்றிய வெளுத்த கண்ணிகளை மட்டும் ஒரு சின்னக் கவரில் போட்டு வைத்திருக்கிறேன். வீட்டில் கொலுசோ செயினோ முலாமுக்குப் போகும்போது அதோடு சேர்த்துக் கொடுத்துவிடலாம், ஆனால் நிறம் ஒப்பிட வாட்ச்சையும் கையோடு கொண்டுபோக வேண்டும்.