பிரீமியம் குறைந்துவிட்டது என்று நம்பிப் பணம் கட்டாதீர்கள்: மெடிக்கல் பாலிசிக்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை

மெடிக்கல் பாலிசி புதுப்பிக்கிற நோட்டீஸ் வந்தால் அடியில் உள்ள மொத்தத் தொகையை மட்டும் பார்த்துப் பணம் கட்டிவிடாதீர்கள். 2025 செப்டம்பர் 22-க்கு முன் கட்டிய பழைய ரசீதைத் தேடி எடுத்து, பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அந்தத் தேதியிலிருந்து தனிநபர், குடும்ப மருத்துவக் காப்பீட்டுக்கு 18% ஜிஎஸ்டி கிடையாது. வரி போனதால் பிரீமியம் குறையும் என்றுதான் எல்லோருக்கும் சொல்லப்பட்டது. பழைய ரசீதில் அடிப்படை பிரீமியம் 25,000, வரி 4,500, மொத்தம் 29,500 என்று வைத்துக்கொள்வோம். புது நோட்டீஸில் 28,000 என்று வந்தால் 1,500 ரூபாய் மிச்சம் என்றுதான் தோன்றும். உண்மையில் அடிப்படை பிரீமியம் 25,000-லிருந்து 28,000 ஆகியிருக்கிறது. அதாவது 12% ஏற்றம். அரசு விட்டுக்கொடுத்த வரியில் பாதிக்கு மேல் கம்பெனியிடம் போய்விட்டது. அதனால் அடிப்படையை அடிப்படையோடு மட்டுமே ஒப்பிடுங்கள். இன்னொன்று, கம்பெனிகள் கமிஷனுக்கும் அலுவலகச் செலவுக்கும் கட்டுகிற ஜிஎஸ்டியை முன்பு உங்களிடம் வசூலித்த வரியில் கழித்துக்கொண்டன. இப்போது அந்தக் கழிவு இல்லை. அந்தச் சுமையும் பிரீமியத்துக்குள் வர வாய்ப்பு உண்டு என்பதை வரிவிலக்கை அறிவித்தபோது மக்களுக்கு உரக்கச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

மருத்துவக் காப்பீட்டு விதிகளில் 2024-ல் வந்த சீர்திருத்தங்களின் கதையும் இதுதான். ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு கிளெய்ம் கிடைக்கக் காத்திருக்க வேண்டிய காலம் அதிகபட்சம் 4 வருஷத்திலிருந்து 3 வருஷமானது. மொரட்டோரியம், அதாவது நோயை மறைத்ததாகச் சொல்லி கிளெய்மை மறுக்கக் கம்பெனிக்கு உள்ள கால வரம்பு, 8 வருஷத்திலிருந்து 5 வருஷமானது. புதுப் பாலிசி எடுக்க இருந்த 65 வயது வரம்பும் போனது. மூன்றும் நல்ல விதிகள், மறுக்கவில்லை. ஆனால் இதற்கு ஆகும் செலவை யார் ஏற்பது என்று விதியில் இல்லை. அதனால் அது பிரீமியத்தில் வந்து விழுகிறது. 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வருஷத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றுவதானால் கம்பெனிகள் முன்கூட்டியே தன்னைக் கலந்து கேட்க வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2025 ஜனவரியில் உத்தரவு போட்டது. 59 வயதுக்காரருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. 60 தாண்டியவருக்கும் வருஷா வருஷம் 10% ஏறினால் ஏழே வருஷத்தில் பிரீமியம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். ஓய்வூதியம் அந்த வேகத்தில் ஏறுவதில்லை. ஆஸ்பத்திரிக் கட்டணமோ ஐஆர்டிஏஐயின் அதிகாரத்துக்குள்ளேயே வராது. செலவின் ஊற்று அங்கே இருக்க, அதைத் தொடாமல் பாலிசியை மட்டும் திருத்தினால் பிரீமியம் எப்படி இறங்கும்?

வயது வரம்பு நீங்கியதைப் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். கம்பெனிகள் எல்லா வயதினருக்கும் ஏற்ற பாலிசிகளை விற்பனையில் வைத்திருக்க வேண்டும் என்பதுதான் விதி. உங்கள் விண்ணப்பத்தை ஏற்றே ஆக வேண்டும் என்றில்லை. 70 வயதில் சுகர், பிரஷரோடு போனால் இன்றும் மறுக்கலாம். ஆகவே கையில் இருக்கும் பழைய பாலிசியைக் கோபத்தில் விட்டுவிடாதீர்கள். வேறு கம்பெனிக்கு மாற்றுவதானாலும் புதுப்பிக்கும் தேதிக்குக் குறைந்தது 45 நாள் முன்பே போர்ட்டிங் விண்ணப்பம் போடுங்கள். புதுக் கம்பெனி எழுத்தில் ஏற்றுக்கொள்ளும் வரை பழையதைக் காலாவதியாக விடக்கூடாது. முடித்த காத்திருப்புக் காலம் பழைய காப்பீட்டுத் தொகைக்கு மட்டுமே கூட வரும். 5 லட்சத்தை 10 லட்சமாக உயர்த்தினால் கூடுதல் 5 லட்சத்துக்குக் காத்திருப்பு முதலிலிருந்து தொடங்கும். ஏஜெண்டுகள் பெரும்பாலும் சொல்லாமல் விடுகிற விஷயம் இது.

இனி கிளெய்ம். 2023-24-ல் பொதுக் காப்பீட்டு, மருத்துவக் காப்பீட்டுக் கம்பெனிகளிடம் மருத்துவ கிளெய்மாகக் கேட்கப்பட்டது சுமார் 1.17 லட்சம் கோடி, கொடுத்தது 83,493 கோடி. கிட்டத்தட்ட 71%. விளம்பரத்தில் போடுகிற 'கிளெய்ம் செட்டில்மென்ட் 95%' என்பது எத்தனை கிளெய்ம் என்ற கணக்கு, எவ்வளவு பணம் என்ற கணக்கு இல்லை. 2 லட்சம் கேட்டு 90 ஆயிரம் கொடுத்தாலும் அதில் ஒன்று என்றுதான் சேரும்.

பிடித்தம் நடக்கிற முக்கியமான இடம் ரூம் வாடகை. பாலிசி 5 லட்சம், ரூம் வரம்பு 1%, அதாவது நாளுக்கு 5,000. நோயாளி இருந்தது 8,000 ரூபாய் ரூமில், 4 நாள். 5,000-ஐ 8,000-ஆல் வகுத்தால் 62.5%. பில்லில் ரூம் 32,000, ஆபரேஷன் தியேட்டர், சர்ஜன், நர்சிங் எல்லாம் சேர்த்து 1,60,000, மருந்து 40,000, டெஸ்ட் 20,000. மொத்தம் 2,52,000. சில சமயம் மொத்தத்தையும் 62.5 சதவீதத்துக்கு வெட்டி 1,57,500 தருவார்கள். இது தவறு. மருந்து, ஸ்டென்ட் மாதிரி உள்ளே வைக்கும் பொருட்கள், டெஸ்ட், இவற்றில் விகிதாசாரப் பிடித்தம் செய்யக்கூடாது என்று 2020-லேயே விதி வந்துவிட்டது. ஐசியு கட்டணத்திலும் கூடாது. சரியான கணக்கு: ரூம் 20,000, தியேட்டர் வகையறா 1,00,000, மருந்தும் டெஸ்டும் முழுசாக 60,000, ஆக 1,80,000. வித்தியாசம் 22,500. செட்டில்மென்ட் ஷீட்டைத் தலைப்பு வாரியாகக் கேட்டு வாங்கி, கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள். கேட்காதவர்களுக்கு அந்தப் பணம் போனது போனதுதான். ரூம் வாடகையைப் பொறுத்துக் கட்டணத்தை மாற்றாத ஆஸ்பத்திரி என்றால் இந்தப் பிடித்தமே செல்லாது.

அடுத்தது, அட்மிஷன் அன்று டியூட்டி டாக்டர் எழுதும் ஒரு வரி. "சுகர் எத்தனை வருஷமா?" என்று கேட்பார். கூட இருக்கிற உறவினர் பதற்றத்தில் "ஒரு பத்து வருஷம் இருக்குங்க டாக்டர்" என்பார். கேஸ் ஷீட்டில் அப்படியே ஏறிவிடும். பாலிசி எடுத்து 4 வருஷம்தான் ஆகிறதென்றால், மறைத்துவிட்டீர்கள் என்று கிளெய்மையே நிராகரிக்க அந்த ஒரு வரி போதும். தெரியாததைக் குத்துமதிப்பாகச் சொல்லாதீர்கள், நோயை முதலில் கண்டுபிடித்தபோது எழுதிய மருந்துச் சீட்டின் தேதியைச் சொல்லுங்கள். தப்பாக எழுதியிருந்தால், டிஸ்சார்ஜுக்கு முன்பே, முதலில் வைத்தியம் பார்த்த டாக்டரிடம் சான்று வாங்கித் திருத்தச் சொல்லுங்கள். அதே போல புரபோசல் ஃபார்மை (பாலிசிக்கான விண்ணப்பப் படிவம்) ஏஜெண்ட் போனில் நிரப்பி, எல்லா நோய்க்கும் 'இல்லை' போட்டு, உங்களிடம் ஓடிபி மட்டும் கேட்பார். பாலிசியோடு வருகிற அதன் நகலைப் படியுங்கள். தப்பு இருந்தால் உடனே மெயிலில் திருத்தம் கேளுங்கள். பாலிசியே வேண்டாம் என்றால் 30 நாளுக்குள் திருப்பித் தரலாம். தொடர்ந்து 60 மாதம் முடிந்த பாலிசியில், மோசடி என்று நிரூபித்தால் தவிர, மறைத்ததாகச் சொல்லி கிளெய்மை மறுக்க முடியாது.

கேஷ்லெஸ் விண்ணப்பத்துக்கு 1 மணி நேரத்தில் பதில், டிஸ்சார்ஜ் ஒப்புதலுக்கு 3 மணி நேரம் என்று 2024 மே சுற்றறிக்கை சொல்கிறது. நடப்பில் 59-வது நிமிஷம் கூடுதல் விவரம் கேட்டு ஒரு 'குவரி' வரும், விஷயம் மறுபடி ஆரம்பத்துக்குப் போகும். 3 மணி நேரமும் டாக்டர் "வீட்டுக்குப் போகலாம்" என்றதிலிருந்து ஓடாது. ஆஸ்பத்திரி கோரிக்கை அனுப்பிய நேரத்திலிருந்துதான் ஓடும். பில்லிங்கில் அரை நாள் போவது எந்தக் கணக்கிலும் வராது. இன்சூரன்ஸ் டெஸ்க்கில் மெயில் போன நேரத்தைக் கேட்டு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். 3 மணி நேரம் தாண்டி ஆஸ்பத்திரி கூடுதலாக வசூலித்தால் அது கம்பெனியின் செலவு.

நிராகரித்தால் போனில் சண்டை போட வேண்டாம். எந்த ஷரத்தின்படி, கிளெய்ம் பரிசீலனைக் குழு ஒப்புதல் தந்ததா என்று இரண்டே கேள்விகளைக் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மெயிலில் கேளுங்கள். ஐஆர்டிஏஐயின் புகார் தளமான பீமா பரோசாவிலோ 155255 என்ற எண்ணிலோ புகாரையும் பதியுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை அல்லது பதில் திருப்தி இல்லை என்றால் இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம், அதாவது கம்பெனிக்கு வெளியே உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம், போகலாம். தமிழ்நாட்டுக்குச் சென்னையில் அலுவலகம் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, 50 லட்சம் வரை கேட்கலாம். கம்பெனி மறுத்த தேதியிலிருந்து ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும். அதே விஷயத்துக்கு நுகர்வோர் கோர்ட்டில் வழக்கு நடந்துகொண்டிருந்தால் இங்கே எடுக்க மாட்டார்கள். தீர்ப்பை 30 நாளில் நிறைவேற்றாத கம்பெனி, தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் உங்களுக்கு 5,000 ரூபாய் தர வேண்டும். இந்தத் தொகையையும் மனுவிலேயே குறிப்பிட்டுக் கேளுங்கள்.